மூளை சிப்பும் முதல் திரான்சிற்றரும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணா,

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு மாங்குளத்தில். மனித மூளை ஏறத்தாழ 20 வாற்றில் இயங்குகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதன்பிறகு மூளையைப் பார்த்துச் செய்யும் அனலொக் சிப்புகளை (0, 1 என்றில்லாமல் தொடர்ந்து மாறும் மின்னோட்டத்தால் கணக்குப் போடுபவை) பற்றியே தேடித் தேடி வாசிக்கிறேன். முதலில் நரம்பியல் படிப்பதா, பைதன் படிப்பதா? சிப் செய்யும் ஆலை நாட்டிலேயே இல்லை. வன்னியில் இருந்துகொண்டு இதற்கு ஆசைப்படுவது வீண்வேலையா?

*

அன்புள்ள தம்பி,

இரண்டும் பிறகு. முதலில் ஒரேயொரு திரான்சிற்றரைப் படியுங்கள்.

கேற்றின் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) வோல்ற்றளவு குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் மொஸ் திரான்சிற்றரில் மின்னோட்டம் இல்லை என்றுதான் முதலில் படிப்பிப்பார்கள். இரணைமடு வான்கதவைச் சாத்தினாலும் அடியால் தண்ணீர் கசிவதுபோல அங்கும் கசிவு உண்டு. திறப்பு, மூடல் இரண்டை மட்டும் பார்க்கும் டிஜிற்றல்காரருக்கு அது தலையிடி. அமெரிக்காவின் கால்ரெக் பல்கலைக்கழகத்தில் 1980களில் கார்வர் மீட் அதையே வேலைக்கு எடுத்தார். அந்தக் கசிவு கேற் வோல்ற்றளவோடு அடுக்குக்குறியாகக் கூடும். நரம்புக்கலத்தின் மென்சவ்வில் அயன் வாய்க்கால்கள் திறப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டுக்கும் அடியில் இருப்பவர், வெப்பத்தில் துகள்களுக்குச் சக்தி எப்படிப் பங்கிடப்படும் என்று சொன்ன போல்ற்ஸ்மான், ஏ.எல். இரசாயனத்தில் வாயுவுக்கு வளைகோடு வரைந்தோமே, அதே ஆள். கூட்டல் செய்யத் தனிச் சுற்றும் வேண்டாம்: இரண்டு கம்பியை முடிந்தால் மின்னோட்டங்கள் தாமாகக் கூடும். மீட்டின் மாணவி மிஷா மஹோவால்ட் இந்த வழியில் சிலிக்கன் விழித்திரை செய்தார். 1991இல் றொட்னி டக்ளசோடு சேர்ந்து சிலிக்கன் நரம்புக்கலத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்.

இதை வீட்டு மேசையிலேயே பார்க்கலாம். சீடி4007 என்ற மலிவான ஐ.சி.க்குள் ஆறு மொஸ் திரான்சிற்றர்கள் இருக்கின்றன. ஒரு என்-வகைத் திரான்சிற்றரின் ட்ரெயினுக்கும் (மின்னோட்டம் நுழையும் முனை) 5 வோல்ற்றுக்கும் நடுவில் 1 மெகா ஓம் தடையைப் போட்டு, தடைக்குக் குறுக்கே மல்ரிமீற்றரைப் பிடியுங்கள். 0.1 வோல்ற் காட்டினால் கிட்டத்தட்ட 0.1 மைக்ரோ அம்பியர். கேற்றை 20 மில்லிவோல்ற் படியாக உயர்த்தி, மின்னோட்டம் பத்து மடங்காக எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று குறியுங்கள். அறை வெப்பநிலையில் 60 மில்லிவோல்ற்றுக்குக் கீழே வராது. உங்களுக்கு அதைவிடக் கூடவே வரும். பிறகு ஐ.சி.யின் முதுகில் விரலை வையுங்கள், வாசிப்பு ஏறும். விடியப்புறம் செய்தால் நல்லது. வன்னி மத்தியான வெக்கையில் விரலுக்கும் ஐ.சி.க்கும் வித்தியாசம் இராது! சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருள், வெப்பநிலையை நீங்கள் சொல்லாவிட்டால் 27 பாகை செல்சியஸ் என்றே கணக்குப் போடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்து, அதே ஐ.சி.யின் இன்னொரு என்-வகையை அளவுங்கள். எண்கள் ஒத்துவரா. இந்தத் துறையின் உண்மையான வில்லங்கம் இதுதான். இரண்டின் எல்லை வோல்ற்றளவுகளுக்கும் இடையில் 5 மில்லிவோல்ற் வித்தியாசம் இருந்தாலே மின்னோட்டம் 15 வீதமளவுக்கு மாறிவிடும். ஐ.பி.எம்.மின் ட்ரூநோர்த்தும் (2014) இன்ரெலின் லோய்ஹியும் (2017) மூளையைப் பார்த்துச் செய்த சிப்புகள்தான், ஆனால் இரண்டும் டிஜிற்றல். அனலொக் வழியில் போகிறவர் இந்தப் பொருந்தாமையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அதுதான் இதில் பிடித்த பகுதி. உங்களுக்கு எரிச்சல் வந்தால் இப்போதே வேறு பாதை பாருங்கள்.

ஆலை இல்லாதது பெரிய விஷயமே இல்லை. சிப் வடிவமைக்கிறவர்கள் ஆலைக்குள் இருந்து வேலை செய்வதில்லை. 2020இல் கூகிளும் ஸ்கைவோட்டரும் 130 நனோமீற்றர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. சுற்று வரைய எக்ஸ்ஸ்கீம், லேயவுட்டுக்கு (சிப்பில் எது எங்கே அமையும் என்ற வரைபடம்) மஜிக், எல்லாம் இலவசம். சாதாரண லப்ரொப்பே போதும். குறை வேறு: உங்கள் லேயவுட்டைப் பார்த்து 'இந்த இடம் பிழை' என்று சொல்ல அனுபவப்பட்ட ஒரு ஆள் வேண்டும். உங்கள் பீடத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பைதன் வரைபு போடுமளவுக்குத் தெரிந்தால் காணும். நரம்பியல் சுற்றோடு சேர்ந்தே வரும்.

அளந்ததும் வரைபை அனுப்புங்கள். மின்னோட்ட அச்சு மடக்கையில் இருக்கட்டும். நேர்கோடு எந்த வோல்ற்றளவில் வளையத் தொடங்குகிறது என்று பேனாவால் குறித்து அனுப்புங்கள்.