கோச் பதில்கள்: ஓடெல் பெக்கமைத் திரும்பக் கூப்பிடலாமா?

(ஒரு காலத்தில் லெஃப்ட் விங்கர், இப்போது வியாசர்பாடியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறவர். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் அவருடைய பதில்கள்.)

கேள்வி: என் மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறான். அங்கே போனதிலிருந்து அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். நியூயார்க் ஜயன்ட்ஸ்தான் அவன் டீம். 2025 செப்டம்பர் 28 அன்று அந்த டீமின் முக்கியமான ரிசீவர் (எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிறவர்) மாலிக் நேபர்ஸுக்கு முழங்கால் போய்விட்டது. "முன்னாடி நம்ம டீமில் ரிசீவரா ஆடின ஓடெல் பெக்கம் எந்த டீமிலும் இல்லாமல் சும்மா இருக்கார், உடனே எடுக்கணும்" என்கிறான் மகன். என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் காசிமேட்டுப் பக்கம் கோல்கீப்பர். "முப்பத்திரண்டு வயசுக்காரன் எதுக்குடா?" என்கிறார். வீடியோ கால் முழுக்க இதே சண்டை. "சாப்பிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்க ஆளில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடிவில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறேன், அம்மா. ஆனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. ஜெர்ரி ரைஸ் என்ற ரிசீவரை அவருடைய பழைய டீம் 2001-இல் விட்டுவிட்டது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டார்கள். 2002 சீசனில், நாற்பது வயதில், அந்த மனிதர் 92 கேட்ச் பிடித்து 1,211 யார்டு எடுத்தார். டீம் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போனது. வயதை மட்டும் பார்த்து ஆளைத் தள்ளினால், நம் ஊர் மைதானங்களில் பாதி நல்ல ஸ்டாப்பர் பேக்குகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ரிசீவர் என்பவர் பந்தைப் பார்த்து ஓடுகிறவர் இல்லை. நம் விங்கர் பந்து எங்கே வருகிறது என்று பார்ப்பான், அதற்கேற்ப ஓடுவான். அங்கே ஓட வேண்டிய பாதை முன்கூட்டியே முடிவாகிவிடும். பத்து யார்டு நேராகப் போய் உள்பக்கம் வெட்ட வேண்டும் என்றால், ரிசீவர் வெட்டித் திரும்புவதற்கு முன்பே, பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக் அதை விட்டுவிடுவார். திரும்பும்போது பந்து பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். ஒரு யார்டு முன்னே பின்னே ஆனால் பந்து எதிராளி கையில். அதோடு போகாது. எதிரே நிற்கிற டிஃபென்ஸ் பின்வாங்கினால் இந்த ஓட்டம், நெருங்கி வந்தால் வேறு ஓட்டம் என்று பல பாதைகள் ஆட்டத்துக்கு நடுவே மாறும். ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் வாய் திறக்காமல் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இதெல்லாம் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து செய்து பார்த்தால்தான் வரும். அக்டோபரில் பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்கு எப்படி வரும்?

இன்னொன்றையும் உங்கள் மகனுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஜாக்ஸன் டார்ட் 2025-இல்தான் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை டீம்கள் முறைவைத்து எடுப்பது) வந்த பையன். நேபர்ஸ் விழுந்த அதே ஆட்டம்தான் அவன் முதலிலிருந்து ஆடிய முதல் ஆட்டம். சார்ஜர்ஸை 21–18 என்று ஜெயித்தும் விட்டான். சொந்த டீம் ஆட்களோடே இன்னும் கணக்குச் சேராத பையனிடம் ஒரு பழைய நட்சத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், பயல் பயந்துபோய்ப் பந்தை எல்லாம் அவருக்கே எறிவான். இதை நான் நம் மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன். பெரிய பேர் உள்ள அண்ணன் ஒருவர் டீமுக்குள் வந்தால், காலியாக நிற்கிறவனை விட்டுவிட்டு எல்லாப் பையன்களும் அவருக்கே பாஸ் கொடுப்பார்கள்.

சரி, மகன் சும்மா விடமாட்டான். "2021-ஐ மறந்துட்டீங்களா?" என்பான். நல்ல கேள்விதான். அந்த வருஷம் நவம்பரில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் பெக்கமை விட, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்தார்கள். எடுத்த கையோடு அவர்களுடைய ராபர்ட் வுட்ஸுக்குப் பயிற்சியில் லிகமென்ட் போனது. அந்த இடத்தில் பெக்கம் இறங்கி எட்டு ஆட்டத்தில் ஐந்து டச்டவுன் (நம் கோல் மாதிரி) அடித்தார். சூப்பர் பவுலில் முதல் டச்டவுனும் அவருடையதுதான். ராம்ஸ் 23–20 என்று கோப்பையைத் தூக்கினார்கள். ஆனால் அங்கே பந்து எறிந்தது மேத்யூ ஸ்டாஃபர்ட், பன்னிரண்டு சீசன் ஆடிவிட்டு வந்தவர். மறுபக்கம் கூப்பர் கப் இருந்தார். அந்த வருஷம் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீக்கிலேயே முதல் ஆள் அவர். எதிராளி டிஃபென்ஸ் கப்பைப் பார்ப்பதா, பெக்கமைப் பார்ப்பதா? இப்போது ஜயன்ட்ஸில் நேபர்ஸே இல்லாதபோது பெக்கமைத் தவிர யாரைப் பார்ப்பார்கள்?

அதே சூப்பர் பவுலின் இரண்டாவது குவார்ட்டரில் பெக்கமின் இடது முழங்கால் போனது. 2020-இல் போனதும் அதே முழங்கால். 2017-இல் இடது கணுக்கால் உடைந்தது. (அதுவும் ஜயன்ட்ஸின் சொந்த மைதானத்தில், அதே சார்ஜர்ஸுக்கு எதிராக. அந்த டீம் வந்தால் ரிசீவர்களை வீட்டில் பூட்டி வைக்கலாம் போல.) திடீரென நின்று வெட்டித் திரும்புவதுதான் ரிசீவரின் பிழைப்பே. ஒரே காலில் மூன்று பெரிய அடி வாங்கியவருக்கு அந்த அரை நொடி திரும்ப வராது. நம்பரும் அதைத்தான் சொல்கிறது. 2023-இல் பால்டிமோரில் 565 யார்டு. 2024-இல் மயாமியில் ஒன்பது ஆட்டத்துக்கு 55 யார்டு. டிசம்பரில் விட்டுவிட்டார்கள்.

உங்கள் மகன் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். 2014 நவம்பரில் டல்லஸ் டீமுக்கு எதிராக, பின்னால் சாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்த அந்தக் கேட்ச். நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன்தான். ஆனால் அந்தப் பையனுக்கு அன்று இருபத்திரண்டு வயது. ஜயன்ட்ஸ் சம்பளம் கொடுக்கப் போவது இன்றைய காலுக்கு.

வெளியிலிருந்து ரிசீவரை எடுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே ஜயன்ட்ஸ் 2005-இல் பிளாக்ஸிகோ பர்ரஸை ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த டீமோடும் கட்டில்லாத ஆள்) எடுத்தார்கள். அன்றைக்கும் இளம் குவார்ட்டர்பேக்தான், இரண்டாவது வருஷ ஈலை மேனிங். ஆனால் எடுத்தது மார்ச் மாதம். பர்ரஸுக்கு வயது 27. இரண்டு பேரும் மூன்று சீசன் சேர்ந்து ஆடினார்கள். அதற்குப் பலன் 2008 பிப்ரவரியில் வந்தது. அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத நியூ இங்கிலாந்து டீமை, 35 நொடி மிச்சம் இருக்கும்போது பர்ரஸ் பிடித்த டச்டவுன் சாய்த்தது. (அதே வருஷக் கடைசியில் அவர் துப்பாக்கியோடு நைட் கிளப்புக்குப் போய்த் தன் தொடையையே சுட்டுக்கொண்டது தனிக் கதை.)

எதிர் உதாரணத்துக்கும் இவர்களே இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் கென்னி கோலடேவை நான்கு வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் என்று எடுத்தார்கள். அதில் 4 கோடி உறுதிப் பணம். இரண்டு சீசனில் ஒரே ஒரு டச்டவுன். அதுவும் இரண்டாவது சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில். மகனிடம் கோலடே பெயரைச் சொல்லிப் பாருங்கள், போன் சத்தம் கொஞ்சம் குறையும்.

நான் அந்த டீமின் மேனேஜராக இருந்தால் முதலில் வீட்டில் இருப்பதைப் பார்ப்பேன். வான்டேல் ராபின்சன் குள்ளமான ஆள், ஆனால் 2024 சீசனில் 93 கேட்ச். டேரியஸ் ஸ்லேட்டன் தூரமாக ஓடக்கூடியவர். இரண்டு பேருக்கும் பிளேபுக் (டீமின் ஆட்டத் திட்டங்கள் உள்ள புத்தகம்) மனப்பாடம். அப்புறம் பிராக்டிஸ் ஸ்குவாடில் வாரம் முழுக்க எதிரணி ரிசீவர் மாதிரி ஓடிக்காட்டும் பையன்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவனை மேலே தூக்குவேன். அதற்கும் மேல் ஆள் வேண்டும் என்றால், மற்றவன் ஓடும்போது எதிராளியைத் தடுத்து நிற்கத் தயங்காத ஒரு அனுபவசாலியை, ஒரு வருஷக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுப்பேன். ஏழு சீசனோ அதற்கு மேலோ ஆடியவருக்கு 2025-இல் அது 12.55 லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் 11 கோடி. சீசன் நடுவில் வந்தால் மிச்சம் இருக்கிற வாரங்களுக்கு மட்டும் கணக்கு. குறைந்தபட்சமே இவ்வளவா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் அம்மா, அடுத்த வீடியோ காலில் முதல் பத்து நிமிஷம் போன் உங்கள் கையில் இருக்கட்டும். கோல்கீப்பருக்கு அப்புறம் கொடுக்கலாம்.

கேள்வி: கோச், ஹெல்மெட் போட்ட ரக்பிக்கு எதற்கு இத்தனை பக்கம்?
— புளியந்தோப்பு வாசகர்

பதில்: ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. இதில் 1906-இலிருந்து எறியலாம். அந்த ஒரு விதியால்தான் ரிசீவர் என்ற ஆளே உண்டானார். பக்கம் போதவில்லை என்பதுதான் என் குறை.

கேள்வி: நம் கால்பந்திலும் ஃப்ரீ ஏஜென்ட் உண்டுதானே? இரண்டும் ஒன்றா, சார்?
— கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: உண்டு. 1995-இல் போஸ்மான் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்குக் காசு வாங்கித் தராமலே ஐரோப்பாவுக்குள் இன்னொரு கிளப்புக்குப் போகலாம் என்று ஆனது. 2021-இல் மெஸ்ஸி பார்சலோனாவிலிருந்து பாரிஸுக்குப் போனது அப்படித்தான். அமெரிக்காவில் இப்போதிருக்கும் முறை 1993-இல் வந்தது. பொதுவாக நான்கு சீசன் ஆடி ஒப்பந்தமும் முடிந்தால் ஆள் சுதந்திரப் பறவை.

பெரிய வித்தியாசம் காசில். ஐரோப்பாவில் பணக்கார முதலாளி இருந்தால் அள்ளி வீசலாம், அதற்கும் இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன, ஆனாலும் கிளப்புக்குக் கிளப் ஏற்றத்தாழ்வு அதிகம். அமெரிக்காவில் 32 டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2025-க்கு அது 27.92 கோடி டாலர். ஒரு ரிசீவருக்குக் கூடக் கொடுத்தால் வேறு ஒருவர் பங்கில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெரு டீம் ஒரு நாக்-அவுட் டோர்னமென்டில் இறங்குகிறது. டிவிஷன் லீக் ஆடிய ஒரு விங்கர் அண்ணன் இப்போது எந்த கிளப்பிலும் இல்லை. ஒரு மேட்சுக்கு இவ்வளவு, ஷூவும் வேண்டும் என்கிறார். டீமில் பாதிப் பேர் வேண்டும், பாதிப் பேர் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள் கோச்.
— முல்லை நகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, மேலே பெக்கமுக்கு நான் சொன்னதை அப்படியே இவர் மேல் போடாதே. நம் ஆட்டத்தில் நல்ல விங்கர் முதல் நாளே உதவுவான். பந்து கண் முன்னே இருக்கிறது, பின்னால் ஓடி வந்து தடுக்க மனசு இருந்தால் போதும்.

முதலில் கமிட்டியிடம் வெளி ஆள் ஆடலாமா, எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வாங்கு. செமிஃபைனலில் எதிர் டீம் புகார் கொடுத்து, ஜெயித்த மேட்சைப் பறிகொடுத்தவர்கள் நம் ஏரியாவில் நிறைய. அவர் பெயர் இன்னும் பழைய கிளப்பில் பதிவாகி இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. லீக் என்றால் ஃபெடரேஷனின் ஆன்லைன் பதிவு முறையில் அது முடியாமல் ஆடவே முடியாது.

அப்புறம் அவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று விசாரி. அவரிடம் கேட்காதே. கடைசியாக ஆடிய டீமின் பையன்களிடம் கேள். முழங்கால் என்றால் ஒன்று, கோச்சோடு சண்டை என்றால் வேறு. சண்டை என்றால் நான் அவ்வளவு பயப்பட மாட்டேன், சில கோச்சுகளோடு சண்டை போடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சாயங்காலப் பயிற்சிக்கு வரச் சொல். வந்தால் எடுத்துக்கொள். "மேட்சுக்கு நேரா வந்துடுறேன்" என்றால் வேண்டாம். ஷூ வாங்கிக் கொடு, தப்பில்லை. மேட்சுக்கு இவ்வளவு என்று பேசாதே, பரிசுத் தொகையில் எல்லாருக்கும் போல ஒரு பங்கு என்று பேசு. முதல் மேட்சில் இரண்டாம் பாதியில் இறக்கு. அவருக்காக வெளியே உட்காரப் போகும் பையனிடம் கேப்டன் நீயே முதல் நாள் போய்ச் சொல்லிவிடு. டச் லைனில் வைத்து அவனுக்குத் தெரியக் கூடாது.

கேள்வி: சூப்பர் பவுலை இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
— ராயபுரம் வாசகர்

பதில்: அங்கே பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை. நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி. முடிய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஆபீஸ் போகிறவர்கள் கடைசி குவார்ட்டரை மின்சார ரயிலில் போனில்தான் பார்க்க வேண்டும்.