என்ன வரும் என்று கேட்கும் முன், ஏதாவது வருமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் வேதிச் சமன்பாடுகளை அப்படியே மனப்பாடம் செய்கிறாள். புத்தகத்தில் இல்லாத ஜோடியைக் கேட்டால் விழிக்கிறாள். விளைபொருளைத் தானே கண்டுபிடிக்க வழி உண்டா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உண்டு. இடது பக்கத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் வகை பிடிபட்டுவிடும். ஒரே சேர்மத்தைச் சூடாக்கினால் சிதைவு வினை, தனி உலோகமும் உப்புக் கரைசலும் என்றால் இடப்பெயர்ச்சி, ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மம்) நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் தடுமாறுவது இரட்டை இடப்பெயர்ச்சியில், அதாவது இரண்டு சேர்மங்கள் தங்கள் ஜோடிகளை மாற்றிக்கொள்ளும் வினையில். லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டுமே நிறமற்ற கரைசல்கள், ஆனால் ஒன்றில் மற்றதை ஊற்றிய நொடியே பளீரென்று மஞ்சள் வீழ்படிவு, அதாவது கரையாமல் அடியில் தங்கும் திடப்பொருள். எது அந்த மஞ்சள்? ஜோடி மாற்றினால் லெட் அயோடைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் வரும். நைட்ரேட் உப்புகள் எல்லாம் நீரில் கரையும், சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் பள்ளிப் பாடத்தைப் பொறுத்தவரை அப்படித்தான். ஆக, அடியில் தங்குவது லெட் அயோடைடுதான். அப்புறம் இணைதிறனை (ஒன்று மற்றதோடு சேரும் திறனைக் காட்டும் எண்ணை) பார்த்து வாய்பாடு எழுத வேண்டும்: லெட்டுக்கு இங்கே 2, அயோடைடுக்கு 1, எனவே ஒரு லெட்டுக்கு இரண்டு அயோடைடு. சமன் செய்வது இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் முன்னால் போடும் எண்ணை மட்டும் மாற்றி. வாய்பாட்டுக்குள் இருக்கும் சின்ன எண்ணில் கை வைத்தால் நீர் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடும்!

சோடியம் குளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்தால்? தாளில் அழகாக ஜோடி மாறும், குடுவையில் ஒன்றும் நடக்காது. வீழ்படிவோ, வாயுவோ, நீரோ உருவாகாவிட்டால் 'வினை இல்லை' என்பதே சரியான விடை. தைரியமாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு படிகிறது. இரும்பு சல்பேட்டில் செம்புக் கம்பியைப் போட்டால்?
- ஒரு மாணவர், தென்காசி

பதில்: கம்பி கம்பியாகவே கிடக்கும். உலோகங்களை வினைபுரியும் வேகம் அதிகமானதிலிருந்து குறைவானது வரை அடுக்கிய வினைபுரியும் வரிசையில் மேலே இருக்கும் உலோகம்தான் கீழே இருப்பதை வெளியேற்றும். இரும்பு செம்புக்கு மேலே. ஹைட்ரஜனும் செம்புக்கு மேலேதான், அதனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் செம்பு அசையாது. அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் பழுப்புப் புகை கிளம்பும், ஆனால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் இல்லை. அந்த அமிலம் ஆக்சிஜனேற்றி (மற்றவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது) என்பதால் இந்த வரிசை அங்கே எடுபடாது.

கேள்வி: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டும் கலந்து கழுவினால் கழிப்பறை கூடுதலாகப் பளிச்சிடுமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: குளோரின் வரும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல 1915-இல் திறந்துவிட்ட அதே வாயு. கலக்கவே கலக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்டால், குனிந்து பார்க்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சு இழுத்தாலோ கண் எரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.