சார்லி சாப்ளினின் பழைய குறும்படங்களில் வரும் அந்த ராட்சசப் புருவக்காரர் யார்? பிறகு ஏன் எந்தப் படத்திலும் காணோம்?

அவர் பெயர் எரிக் கேம்பல். 1916 மே முதல் 1917 அக்டோபர் வரை மியூச்சுவல் நிறுவனத்துக்காகச் சாப்ளின் எடுத்த படங்கள் 12. அவற்றில் 11 படங்களில் கேம்பல் உண்டு. அவர் இல்லாத ஒரே படம் 'ஒன் ஏ.எம்.', அதில் சாப்ளின் குடித்துவிட்டு வீடு திரும்பி, மாடிப்படியோடும் கட்டிலோடும் தனியாக மல்லுக்கட்டுவார். கேம்பலின் பெயர் இன்றுவரை நிற்பது இந்த ஒன்றரை வருஷ வேலையால்தான். 1917 டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 37.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'தி கோல்டு ரஷ்' படத்தில், பசியில் சாப்ளினைக் கோழியாக நினைத்துத் துரத்தும் தடித்த மனிதர் கேம்பல் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தப் படம் வந்தது 1925-இல், கேம்பல் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த நடிகர் மேக் ஸ்வெய்ன், அமெரிக்கர். மியூச்சுவல் படங்களிலேயே இன்னொரு பருமனான நடிகர் உண்டு, ஹென்றி பெர்க்மன். அவர் உருண்டை, மென்மையான முகம், அடிக்கடி பெண் வேடமும் போடுவார். 'தி ரிங்க்' படத்தில் கேம்பல்தான் மிஸ்டர் ஸ்டௌட், அவருக்கு மனைவியாக வருபவர் பெர்க்மன். கேம்பலைக் கண்டுபிடிக்க உயரத்தைப் பாருங்கள். ஆறரை அடிக்குச் சற்றே குறைவு, எடை ஏறக்குறைய 130 கிலோ. பக்கத்தில் நிற்கும் சாப்ளின் ஐந்தரை அடிகூட இல்லை.

அடுத்த அடையாளம் புருவம். மூக்குத் தண்டிலிருந்து நெற்றியின் இரு ஓரத்துக்கும் கொம்பு மாதிரி ஏறும். பெரும்பாலான படங்களில் தாடி அல்லது முறுக்கு மீசையும் சேரும். எல்லாமே ஒப்பனை. வேடம் இல்லாமல் எடுத்த புகைப்படங்களில் அவர் முகம் குழந்தைத்தனமானது, யாரும் பயப்பட மாட்டார்கள். இவ்வளவு அழுத்தமான ஒப்பனைக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அன்றைய கறுப்பு வெள்ளைப் பிலிம் சிவப்பு நிறத்தை ஏறக்குறைய உணராது, நீலத்தை மிகையாக உணரும். சிவந்த கன்னமும் உதடும் திரையில் கறுத்துவிடும், நீலக் கண் வெளிறிப் பொட்டையாகத் தெரியும். அதனால் முகத்தை வெளிர் பூச்சால் மூடி, கண்ணையும் புருவத்தையும் கறுப்பால் மறுபடி வரைய வேண்டியிருந்தது. மேலும் சாப்ளின் நகைச்சுவைக் காட்சிகளைத் தலைமுதல் கால்வரை தெரியும்படி சற்றுத் தள்ளியிருந்தே எடுத்தார். அவ்வளவு தூரத்திலும் கோபம் புரிய வேண்டும் என்றால் புருவம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒப்பனையும் உடம்பும் மட்டும் இருந்தால் போதும் என்றால் அந்த வேலைக்குச் சர்க்கஸ் பயில்வானே போதுமே. கேம்பலின் நடிப்பு, அசையாமல் இருப்பதில் இருக்கிறது. 'ஈஸி ஸ்ட்ரீட்' (1917 ஜனவரி) படத்தின் தெருவிளக்குக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புதுப் போலீஸ்காரன் சார்லி, தெருவையே ஆட்டிவைக்கும் ரவுடியிடம் மாட்டிக்கொள்கிறான். உதவி கேட்கப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியிடம் போகிறான், ரவுடி பின்னாலேயே வந்து மேலே கவிழ்ந்து நிற்கிறான். சார்லி அதைச் சும்மா துடைப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, சட்டென்று தடியால் அவன் தலையில் அடிக்கிறான். இங்கே கேம்பல் என்ன செய்கிறார்? ஒன்றும் செய்வதில்லை. கண் சிமிட்டல்கூட இல்லை. அடிபட்டது மூளைக்கு எட்டவே இல்லை என்பதுபோல நின்று, பிறகு தலையைக் குனிந்து 'இன்னும் அடி' என்று காட்டுகிறார். தன் பலத்தைக் காட்ட விளக்குக் கம்பத்தையே வளைக்கிறார். அது வளைந்து தலைக்கு நேரே வந்த கணத்தில் சார்லி அவர் முதுகில் தாவி, விளக்குக் கூண்டை முகத்தில் கவிழ்த்து, எரிவாயுக் குழாயைத் திறந்துவிடுகிறான். மயங்கியதும் நாடி பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி இன்னும் ஒரு டோஸ்.

இதில் சிரிப்புக்கான கணக்கு முழுக்கக் கேம்பல் கையில். முதல் அடிக்கே அவர் முகம் சுளித்திருந்தால் அடுத்த அடிக்கு மதிப்பில்லை, விளக்குக்குத் தேவையும் இல்லை. அவர் எவ்வளவு நேரம் கல்லாக நிற்கிறாரோ அவ்வளவு தூரம் சார்லியின் புத்தி ஓடியாக வேண்டும். ஃபிரெட் கார்னோவின் இங்கிலாந்து மேடைக் குழுவில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறியது. சாப்ளினும் கேம்பலும், இதே படங்களில் கூட நடித்த ஆல்பர்ட் ஆஸ்டினும் அந்தப் பட்டறையில் தேறியவர்கள்தான். வசனத்தை நம்பாத, அடி, தள்ளு, விழு என்று நொடிக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகங்கள் அவை. இருந்தும் விபத்து வந்தது. அந்த விளக்குக் கம்பம் படப்பிடிப்பின்போது சரிந்து, உலோக விளிம்பு சாப்ளினின் மூக்குத் தண்டைக் கிழித்துத் தையல் போடவேண்டியதாயிற்று. ஒப்பனை போட முடியாததால் வேலை சில நாள் நின்றது.

இந்த மனிதர் எதற்குத் தேவைப்பட்டார் என்பதற்கு 'தி இமிக்ரண்ட்' (1917 ஜூன்) படத்தைவிட நல்ல சாட்சி இல்லை. அதில் உணவகக் காட்சிகளைத்தான் சாப்ளின் முதலில் எடுத்தார், கப்பல் காட்சிகள் பின்னால் வந்தவை. தலைமைப் பரிசாரகராக முதலில் நடித்தவர் ஹென்றி பெர்க்மன். 1983-இல் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் வெளியிட்ட ஆவணப்படத் தொடரில், ஒதுக்கிவைக்கப்பட்ட அந்தப் பிலிம் துண்டுகளைப் பார்க்கலாம். பெர்க்மன் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் காட்சி எழவே இல்லை. காரணம் எளிது. சார்லியின் பையிலிருந்த நாணயம் ஓட்டை வழியே விழுந்துவிட்டது. காசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் பார்ப்பவர் வயிற்றைப் பிசைய வேண்டும். பெர்க்மனைப் பார்த்தால் அந்தப் பயம் வராது. கேம்பலை அந்த இடத்தில் வைத்ததும், பத்து சென்ட் குறைந்த ஒருவனைப் பரிசாரகர்கள் சேர்ந்து உதைத்து வெளியே எறியும் காட்சிக்கு எடை கூடியது. பிறகு சார்லி எப்படியோ தேடிக் கொடுத்த நாணயத்தைக் கேம்பல் பல்லில் கடிக்க, அது வளைகிறது. கள்ளக்காசு! அந்த ஒரு கடியில் மொத்த உணவகமும் அவர் கைக்குள் வந்துவிடுகிறது. பெர்க்மன் ஓவியர் வேடத்துக்கு மாறினார், அது அவருக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

மற்ற படங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'தி ஃப்ளோர்வாக்கர்' படத்தில் பணப்பெட்டியோடு ஓடப்பார்க்கும் கடை மேலாளர். 'தி ஃபயர்மே'னில் தீயணைப்புத் தலைவர். 'தி வேகபாண்'டில் சாட்டையோடு திரியும் நாடோடிக் கூட்டத் தலைவர், இது சிரிப்பில்லாத கொடுமை, அதையும் செய்யத் தெரிந்தவர் என்பதற்காகவே பார்க்கலாம். 'தி கவுண்'டில் தையற்காரர், 'தி பான்ஷா'ப்பில் திருடன். 'பிஹைண்ட் தி ஸ்கிரீ'னில் அவர் பெயர் கோலியாத், சாப்ளின் பெயர் டேவிட். 'தி கியூ'ரில் கட்டுப்போட்ட கீல்வாதக் காலோடு சுழல்கதவில் சிக்குபவர். 'தி அட்வென்ச்சர'ரில் தப்பியோடிய கைதியான சார்லியின் படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது, சார்லி பென்சிலால் அதில் தாடி வரைந்து அதைக் கேம்பலின் படமாக்கிவிடுகிறான். கேம்பலின் முகம் அதற்குள் எவ்வளவு பிரபலம் என்று அந்த ஒரு நகைச்சுவையே சொல்கிறது.

வாழ்க்கை விவரம். ஸ்காட்லாந்தின் டனூனில் பிறந்தவர் என்று நெடுங்காலம் அச்சாகிவந்தது. பிறப்புப் பதிவின்படி ஊர் இங்கிலாந்தின் செஷயரில், மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள சேல், தேதி 1880 ஏப்ரல் 26. கார்னோ குழுவுக்குப் பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க் மேடையில் இருந்தவரைச் சாப்ளின் 1916-இல் சேர்த்துக்கொண்டார். அது சாப்ளின் வாரம் 10,000 டாலரும் கையெழுத்துக்கு 1,50,000 டாலரும் பேசி மியூச்சுவலுடன் ஒப்பந்தம் போட்ட நேரம். 1917 ஜூலையில் கேம்பலின் மனைவி திடீரென மாரடைப்பில் இறந்தார். துக்க உடை வாங்கப் போன மகள் காரில் அடிபட்டுப் பலத்த காயம் அடைந்தாள். அடுத்த சில வாரங்களில் ஒரு நடிகையைச் சந்தித்துச் சில நாட்களிலேயே மறுமணம் செய்துகொண்டார், இரண்டு மாதம் முடியும் முன்பே விவாகரத்து வழக்கு வந்துவிட்டது. டிசம்பரில் ஒரு விருந்திலிருந்து குடித்துவிட்டுக் காரோட்டித் திரும்பும்போது வில்ஷயர் சாலையும் வெர்மான்ட் சாலையும் சந்திக்கும் இடத்தில் மோதல். அஸ்தியை யாரும் வாங்க வரவில்லை. அது அடக்கமானது 1952-இல், லாஸ் ஏஞ்சலஸின் ரோஸ்டேல் கல்லறையில்.

சாப்ளினின் அடுத்த ஒப்பந்தத்துக்கும் கேம்பல் போவதாக இருந்தது. அதன்பின் சாப்ளின் பல பெரிய உருவங்களைப் பயன்படுத்தினார், ஆனால் படத்துக்குப் படம் அதே எதிராளி என்ற ஏற்பாடு திரும்ப வரவில்லை.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது வேகம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 1000 அடி ரீல் என்றால் 16,000 ஃபிரேம். நொடிக்கு 16 ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி, 20 ஓட்டினால் 13 நிமிடம் 20 நொடி, பேசும்படத்தின் 24-இல் ஓட்டினால் வெறும் 11 நிமிடம் 7 நொடி. அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள், சாப்ளின் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றவைத்து, திரையில் அசைவுக்கு வேகம் ஏற்றியதும் உண்டு. ஆனால் 1930-களில் வான் பியூரன் நிறுவனம் இசையும் ஓசையும் சேர்த்து மறுவெளியீடு செய்த பிரதிகள் ஒலிப்பட வேகத்தில் ஓடுகின்றன, இணையத்தில் கிடைக்கும் பலவற்றுக்கும் மூலம் அவைதான். அந்த வேகத்திலும் சாப்ளின் தப்பித்துவிடுவார், குறும்பு இன்னும் குறும்பாகத் தெரியும். கேம்பல் தப்ப மாட்டார். அடிபட்டபின் அவர் நிற்கும் அந்த நீண்ட நொடி பறந்துபோகும், 130 கிலோ மனிதர் பொம்மை மாதிரி துள்ளுவார். லாப்ஸ்டர் பிலிம்ஸும் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் சேர்ந்து மீட்டெடுத்த பிரதிகள் 2014-இல் வெளிவந்தன. முதல் முறை பார்ப்பவர்கள் அவற்றில் 'ஈஸி ஸ்ட்ரீ'ட்டையும் 'தி இமிக்ரண்'டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சாப்ளினைப் பாருங்கள், இரண்டாம் தடவை கண்ணைக் கேம்பல் மேலேயே வையுங்கள்.