டெல்லி–டோக்கியோ: போக எட்டு மணி நேரம், திரும்ப ஒன்பதரை ஏன்?

கேள்வி: டெல்லியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 5,860 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் ஆறரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? பயணச்சீட்டில் போவதற்கு 8 மணி நேரம், திரும்புவதற்கு 9½ மணி நேரம் என்று இருக்கிறது. திரும்பும்போது டெல்லியில் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும். எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: பயணச்சீட்டில் உள்ளதையே நம்புங்கள். 5,860 கி.மீ. என்பது பூமிப்பரப்பில் இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழியின் நீளம். அந்த வழி திபெத் பீடபூமியின் மேல் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், முகமூடி இல்லாமல் மூச்சுவிடக்கூடிய சுமார் 10,000 அடி உயரத்துக்கு விமானி விரைந்து இறங்க வேண்டும். திபெத்திலோ தரைமட்டமே சராசரியாக 14,000 அடிக்கு மேல் இருக்கிறது. பல விமானங்களில் பயணிகளின் முகமூடிக்கு வரும் ஆக்சிஜன் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் தெற்கே விலகி, வங்காளம், மியான்மர், சீனாவின் யுன்னான் வழியாகச் செல்கின்றன. இதனால் சில நூறு கிலோமீட்டர் கூடுகிறது. மேலும், பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடக்கம்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் உயர்வளிக் காற்றோட்டம் (ஜெட் ஸ்ட்ரீம்). டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ததேனோ வானிலை ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இதை 1920களிலேயே அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி. தம் அறிக்கையை அவர் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதாலோ என்னவோ, வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை. குளிர்காலத்தில் ஜப்பானின் மேல் இக்காற்று மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டுவதுண்டு. வழிநெடுகச் சராசரியாக 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், தரையை வைத்துப் பார்க்கும் வேகம் போகும்போது 1,000, திரும்பும்போது 800 ஆகிவிடும். கோடையில் காற்று தளர்ந்து வடக்கே நகர்வதால் இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே ஜனவரியில் திரும்புபவர்கள் கூடுதல் அவகாசம் வைத்துக்கொள்வது நல்லது.

கடிகாரத்தில் ஜப்பான் நம்மைவிட 3½ மணி நேரம் முன்னால் இருக்கிறது. டோக்கியோவில் காலை 11.30க்குப் புறப்பட்டால் டெல்லியில் மாலை 5.30க்கு இறங்குவீர்கள். குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டியை ஒப்படைக்க வேண்டும். இரண்டும் தனித்தனிச் சீட்டுகள் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணத்தையும் பெரும்பாலும் திருப்பித் தராது. சீட்டில் எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள்: ஹனேடா நகரை ஒட்டியே இருக்கிறது, நரிடா சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது.