பின்னாடி கரடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிறந்த ஊர் திருப்பூர், கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மகனுக்கு வைகாசியில் நான்கு முடிந்தது, எல்.கே.ஜி. போகிறான்.

பிரச்சினை கரடிதான். கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் கரடி. கரடி வந்து அவன் செருப்பைக் கேட்டதாம். பாத்ரூமில் கரடி குளித்துக்கொண்டிருந்ததாம், அதனால் அவன் குளிக்க முடியாதாம். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் "என் டிபனைக் கரடி தின்னுடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். அவர் பையைத் திறந்து பார்த்தால் டப்பா மூடியது மூடியபடியே இருந்திருக்கிறது. "பொய் சொல்கிறான், வீட்டில் கவனிக்கவும்" என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், அவனை உட்காரவைத்துப் "புலி வருது, புலி வருது" கதையைச் சொன்னார். முழுசாகக் கேட்டுவிட்டு, "புலி ஆட்டை மட்டும் தின்னுச்சா, அந்தப் பையனையுமா?" என்றான். மறுநாளும் கரடி வந்தது.

போன வாரம் ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் நின்றவன் ஓடிவந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு "ம்மா, பின்னாடி கரடி" என்றான். "சும்மா இரு, அடி வாங்குவே" என்றேன். காலையில் பார்த்தால் பின்பக்கம் குப்பை வாளி உருண்டு கிடக்கிறது. பொரித்த எண்ணெய் ஊற்றிவைத்த டின் நசுங்கி, பல் பட்ட தடத்தோடு கொய்யா மரத்தடியில் கிடக்கிறது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொல்வதையெல்லாம் நம்பினால் புளுகனாக வளர்வான். நம்பாமல் விட்டால் ஒருநாள் என்ன ஆகுமோ என்று பயம். என்னதான் செய்வது?

சாப்பாட்டிலும் தொல்லை. அத்தை "கரடி வருது, வாயைத் திற" என்றால்தான் ஒரு வாய் உள்ளே போகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ர., கோத்தகிரி

*

அன்புள்ள ர.,

கடைசி விஷயத்தைத் தனியாக எழுத வேண்டாம். நீங்கள் கேட்டதற்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் அந்தச் சாயங்காலத்தைப் பார்ப்போம்.

அவன் சொன்ன கரடிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். செருப்புக் கேட்ட கரடி பேசுகிறது. நீங்கள் "அப்புறம்?" என்று கேட்டிருந்தால் சாக்ஸும் கேட்டிருக்கும். குளித்த கரடிக்கும் டிபன் தின்ற கரடிக்கும் ஒரு வேலை உண்டு, அவனை ஒரு சங்கடத்திலிருந்து தப்பவைப்பது. ஜன்னலுக்கு வெளியே நின்ற கரடியோ எதையும் கேட்கவில்லை, அதனால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டான். கதை விடும் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும், சிரிக்கிறோமா என்று. நிஜமாகப் பயந்த பிள்ளைக்கு நம் முகம் வேண்டாம், நம் கால் வேண்டும்.

இருந்தாலும் இந்த வித்தியாசத்தை நம்பி இந்த ஊரில் குடித்தனம் நடத்த முடியாது. அடுப்பில் பால் பொங்கும்போது யார் பிள்ளையின் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பது? நீங்கள் நம்புவதா வேண்டாமா என்று குழம்புகிறீர்கள். இரண்டும் வேண்டாம், போய்ப் பாருங்கள். "வெளியே கரடி" என்று அவன் எப்போது சொன்னாலும் பெரியவர் ஒருவர் எழுந்து, கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் வெளி லைட்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டு வந்து துணியை மடியுங்கள். திட்டவும் வேண்டாம், "சமத்து, சொன்னியே" என்று கொஞ்சவும் வேண்டாம். போய்ப் பார்ப்பது வாசலில் பெல் அடித்தால் எழுந்து போவதுபோல ஒரு வழக்கமாகிவிட்டால், அதைவைத்து விளையாடுவதில் அவனுக்கும் ருசி இருக்காது.

பார்க்கும்போது கேள்வியில் கவனம் வேண்டும். "பெரிய கரடியா? குட்டியும் இருந்துச்சா?" என்று கேட்டால் நான்கு வயசுப் பிள்ளை இரண்டுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடும். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் எதிர்பார்க்கிற பதிலைக் கொடுப்பது அந்த வயசின் சுபாவம். "எங்கே, கையைக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயசுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போனது. பிழைக்கவில்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. திருப்பூரில் ஒரு பிள்ளை "சிறுத்தை" என்று சொன்னால் சிரிக்கலாம், நீலகிரியில் சிரிப்பதற்கு முன்னால் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

இனி, புளுகனாக வளர்வானா என்ற பயம். 1983இல் ஆஸ்திரியாவில் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறாள். பையன் திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயசுக்காரர்கள், அம்மா மாற்றிவைத்த இடத்தையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று அவர்களுக்கு எண்ணம். நான்கைத் தாண்டும்போதுதான் "அவனுக்குத் தெரியாதே" என்பது பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்குகிறது. உங்கள் மகன் இப்போது நிற்பது அந்த வாசற்படியில். டிபனுக்கு என்ன ஆனது என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது என்று அவன் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறான். டப்பா பையிலேயே இருக்கிறது, அவர் திறந்து பார்ப்பார் என்பதுவரை இன்னும் யோசனை எட்டவில்லை. தேர்ந்த புளுகன் டிபனைக் கொட்டிவிட்டல்லவா கரடியைக் கூப்பிட்டிருப்பான்!

புலி வருது கதை ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. கனடாவில் காங் லீ, விக்டோரியா தல்வார் குழுவினர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றிலிருந்து ஏழு வயசுவரை உள்ள பிள்ளைகளை ஓர் அறையில் தனியாக விட்டு, பின்னாலிருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வந்து ஒரு கதை சொன்னார்கள், பிறகு "பார்த்தியா?" என்று கேட்டார்கள். நம் புலிக்கதையை வெள்ளைக்காரர்கள் ஓநாயை வைத்துச் சொல்வார்கள். அதைக் கேட்ட பிள்ளைகளும், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையின் கதையைக் கேட்ட பிள்ளைகளும், சம்பந்தமே இல்லாத ஆமை முயல் கதையைக் கேட்டவர்களைவிட அதிகமாக உண்மை பேசவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்டு பாராட்டு வாங்கும் சிறுவன் வாஷிங்டனின் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) கதையைக் கேட்டவர்களில்தான் உண்மையை ஒத்துக்கொண்டவர்கள் அதிகம். அந்த முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது பலன் போய்விட்டது. புலி அடித்துப்போடும் கதையில் நான்கு வயசுக்குச் சுவாரசியம் புலிதான். உங்கள் மகன் கேட்ட கேள்வியே போதுமே, சாப்பாட்டுக் கணக்கைத்தான் கேட்டிருக்கிறான்.

இப்போது அந்த ஒரு வாய்ச் சோற்றுக்கு வருவோம்.

கணக்குப் பார்த்தால் உங்கள் வீட்டில் கரடியை வைத்து அதிகம் பொய் சொல்வது அவனில்லை. மூன்று வேளையும் வராத கரடியை வருகிறது என்று சொல்கிறோம். வாயைத் திறந்தால் போய்விடுகிறது. இதைத்தானே பாத்ரூமிலும் பள்ளிக்கூடத்திலும் அவன் செய்தான்? வேண்டியதை நடத்திக்கொள்ளக் கரடியைக் கூப்பிடலாம் என்பதை நம்மிடம்தான் படித்திருக்கிறான். சமவெளியில் பூச்சாண்டியைக் காட்டுவார்கள், மூணு கண்ணனைக் காட்டுவார்கள். அதிலும் எனக்குச் சம்மதமில்லை, ஆனால் பூச்சாண்டி எந்த நாளும் கொய்யா மரத்தடிக்கு வரப்போவதில்லை. இங்கே கரடி வருகிறது. வீட்டுக்குள் பொய்யாகப் பழகிய கரடி ஒருநாள் நிஜமாக வந்து நின்றபோது, அதைச் சொல்ல அவனிடம் வேறு வார்த்தை இல்லை. உங்களுக்கும் அது பழைய கரடியாகத்தான் கேட்டது.

(அத்தையின் மிரட்டலில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாப்பிடாவிட்டால் கரடி வரும் என்பது ஒரு விதத்தில் உண்மைதான். அவன் மிச்சம் வைத்ததைப் பின்பக்க வாளியில் போடுகிறோம், கரடி வருகிறது.)

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? ஆராய்ச்சி சொல்கிறது என்று ஆரம்பித்துவிடாதீர்கள், வீடு இரண்டுபட்டுவிடும். அந்தத் தலைமுறைப் பெண்கள் விடிந்ததும் தேயிலை பறிக்கப் போய், வந்து உலை வைத்தவர்கள். பிள்ளை இருட்டினபின் புதருக்குள் இறங்காமல் இருக்கவும் சோறு சீக்கிரம் இறங்கவும் அவர்கள் கையில் இருந்தது இந்த ஒரு கரடிதான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. அதற்குப் பதில் அவரிடமே கேளுங்கள்: "அத்தை, நீங்க தோட்டத்துல நேரா பார்த்த கரடியைப் பத்தி இவனுக்குச் சொல்லுங்களேன்." இந்த மலையில் ஒரு கரடிக் கதையாவது இல்லாத பெரியவர் கிடையாது. ஊட்டுகிற நேரத்தில் பொய்க்கரடியின் இடத்தில் அது உட்காரட்டும்.

நிஜக்கரடி பொய்க்கரடியைவிட ருசியான விஷயம். நம் ஊர்க் கரடிக்கு மேல்வரிசை முன்பல்லில் நடுவில் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். உறிஞ்சும்போது மண் போகாமல் மூக்கை மூடிக்கொள்ளும். தாய்க்கரடி குட்டியை முதுகில் உப்புமூட்டை ஏற்றிக்கொண்டு போகும். நெஞ்சில் ஆங்கில 'வி' எழுத்தைப்போல வெளிறிய பட்டை ஒன்று இருக்கும். கண் அவ்வளவு கூர்மையில்லை, மோப்பம் பிரமாதம். நாம் சத்தமில்லாமல் கிட்டே போய்விட்டால் பதறிப்போய் அடித்துவிடும், அதனால்தான் கரடியைப் பார்த்தால் வெளியே ஓடாமல் உள்ளே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். கடைசி வரியை மட்டும் தனியாகச் சொன்னால் உபதேசம். முன்பல் இல்லாத கரடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து சொன்னால் அவனே அதை நாலு பேருக்குச் சொல்வான்.

செருப்புக் கேட்கும் கரடியை நிறுத்திவிடாதீர்கள். அது அவனுடைய சொத்து. படுக்கப்போகும்போது "அந்தச் செருப்புக் கரடி இன்னிக்கு என்ன பண்ணுச்சு?" என்று நீங்களே கேளுங்கள். கதைக்கென்று ஒரு நேரம் இருந்தால் மற்ற நேரத்தில் அதை இழுத்துவர வேண்டிய அவசியம் குறையும்.

பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கரடிகள் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கு வரும், சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்துப் பருப்பும் எண்ணெயும் தேடும். எண்ணெயை ருசி பார்த்த இடத்துக்குத் திரும்பவும் வரும். டின்னையும் வாளியையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். பழுத்து விழும் கொய்யாவை சாயங்காலத்துக்கு முன்பே பொறுக்கிவிடுங்கள். மறுபடியும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், நாமே தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் போகிற வேலை வேண்டாம்.

கடைசியாக டிபன். எனக்கு ஒரு சந்தேகம். காலையில் இட்லியோ உப்புமாவோ சூடாக எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடுகிறீர்கள் அல்லவா? உள்ளே ஆவி குளிர்ந்ததும் மூடி கவ்விக்கொள்ளும். நம் ஊர்க் குளிரில் பத்தரை மணிக்குள் நன்றாகவே கவ்வியிருக்கும். விறைத்த விரல்களோடு நான்கு வயசுப் பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சம், பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், கரடியைத் தவிர வேறு வழி என்ன? மூடியது மூடியபடி இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதேபோல மூடி, ஆறவிட்டு அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். அவனால் திறக்க முடியாவிட்டால் கிளிப் வைத்த டப்பாவாக மாற்றிவிட்டு, டைரியில் கையெழுத்து மட்டும் போடாமல் நேரில் போய் மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு மூடியை அவர் கவனித்திருக்க முடியாது, ஆனால் சொன்னால் மறுநாள் திறந்துகொடுப்பார். திறக்க முடிந்தது என்றால் என் சந்தேகம் தப்பு. அப்போது உள்ளே என்ன வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள், அதிலிருந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா