வயோலாவை நம்பி இறங்கலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். 16 வயது மகள் வயலினில் கிரேடு தேர்வுகளில் உச்சமான எட்டாம் கிரேடு முடித்திருக்கிறாள். வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வயோலாவுக்கு மாறினால் போட்டி குறைவு, ஆர்கெஸ்ட்ராவில் வேலை கிடைக்கும் என்கிறார் அவளுடைய ஆசிரியர். இது உண்மையா? இதை நம்பி ஏ-லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) படிப்பை விட்டுவிடலாமா?

பதில்: போட்டி குறைவு என்பது பள்ளி ஆர்கெஸ்ட்ரா, இளையோர் ஆர்கெஸ்ட்ரா வரைக்கும் உண்மை. அங்கே வயோலா வாசிக்க எப்போதும் ஆள் தட்டுப்பாடு. தொழில் என்று வந்தால் கணக்கு வேறு. பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் 30 வரை இருக்கும், வயோலா 12 தான். நிரந்தர இடம் பிடித்தவர் சாமானியமாக அதை விடுவதில்லை. இடம் காலியானால் நாடு முழுவதிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் விண்ணப்பம் குவியும். அதனால் வேலை சுலபம் என்ற காரணத்துக்காக மாற வேண்டாம்.

மாறுவதற்கு நல்ல காரணம் ஒன்றுதான்: நடுக்குரல் அவளுக்குப் பிடிக்க வேண்டும். மேலே முதல் வயலின் பாடும்போது, கீழே செல்லோ நகரும்போது, இடையில் இருந்து இசையின் நிறத்தையே மாற்றுகிற ஒற்றை ஸ்வரம் பெரும்பாலும் வயோலாவிடம் இருக்கும். மூன்று தட்டுத் தாளத்தில் ஓடும் வியன்னா வால்ட்ஸ் நடன இசையில் மாலை முழுவதும் இரண்டாவது, மூன்றாவது தட்டுகளை மட்டுமே வாசிக்க நேரும். அதையும் ரசித்து வாசிப்பவர்களைத்தான் இந்தத் தொழில் தாங்கும். ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ கொண்ட நால்வர் குழு) சில மாதங்கள் அவளை வயோலா வாசிக்க வையுங்கள். வீட்டுக்கு வந்து அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கவனித்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

வாத்தியத்தை உடனே வாங்காதீர்கள். முழு அளவு வயலினின் உடல் நீளம் சுமார் 35.5 செ.மீ. வயோலாவுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது. 38 முதல் 43 செ.மீ. வரை, அதற்கு மேலும் உண்டு. பெரியதில் மிகத் தாழ்ந்த தந்தியான சி தந்தி ஆழமாகப் பேசும் என்று ஆசைப்பட்டு, கைக்கு எட்டாததை வாங்கித் தோளைக் கெடுத்துக்கொண்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வாடகைக்கு எடுங்கள். பென்ஸ்லோ மியூசிக் போன்ற அறக்கட்டளைகள் நல்ல வாத்தியங்களைக் கடனாகத் தருகின்றன. வயோலாவுக்கான ஸ்வரக்குறிப்பு முறையான ஆல்டோ கிளெஃப் சில வாரங்களில் பழகிவிடும். வில்லைக் கையாள்வதுதான் நாளாகும். தந்தி தடிமனாக இருப்பதால் ஒலி தாமதமாகப் பிறக்கும். வலது கை முழுவதையும் புதிதாகப் பழக்க வேண்டும்.

அப்புறம் வேலைக்கான தேர்வு. ஆடிஷனில் ஒரு கன்செர்டோ (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு) கேட்பார்கள். ஜெர்மனியில் முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹாஃப்மைஸ்டர் எழுதியது. அடுத்த சுற்றில் பார்டோக், வால்டன், ஹிண்டெமித் மூவரில் ஒருவர் எழுதியது. கூடவே ஆர்கெஸ்ட்ரா பகுதிகள்: ஸ்ட்ராஸின் ‘டான் யுவான்’ தொடக்கம், மெண்டல்சோனின் ஸ்கெர்ட்ஸோ, ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனி. எல்லோரும் இவற்றைத்தான் தயார் செய்துகொண்டு வருவார்கள். அதனால் தேர்வாளர் முதலில் கேட்பது தாளமும் சுருதியும் ஆடாமல் நிற்கிறதா என்பதைத்தான்.

பிரிட்டனில் ஆடிஷனோடு விஷயம் முடிவதில்லை. அதன் பிறகு ‘டிரையல்’ வருகிறது. ஒரே இடத்துக்குப் பலரை மாறி மாறி அழைத்து, ஒத்திகையிலும் கச்சேரியிலும் சுற்றுப்பயணத்திலும் தங்களோடு வாசிக்க வைப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல்கூட இழுக்கும். உங்கள் மகளை வேலைக்கு எடுப்பதும் விடுவதும் இங்கேதான் தீர்மானமாகும். முன்னால் இருக்கும் முதன்மைக் கலைஞரின் வில் எந்தப் பகுதியில் ஓடுகிறதோ அங்கேயே தன் வில்லும் ஓடுகிறதா? தன் குரல் தனியாகத் துருத்தாமல், அதே சமயம் காணாமலும் போகாமல் வாசிக்கிறாளா? பக்கத்தில் இருப்பவருக்காகச் சத்தமில்லாமல் பக்கம் திருப்புகிறாளா? குறிப்பெழுதப் பென்சில் கொண்டுவந்தாளா? ஒரே ஒரு ஒத்திகையோடு மேடையேறும் நாட்கள் லண்டனில் சாதாரணம். அன்று முழுப் பகுதியையும் படித்துவிட்டு வந்தவள் யார் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அற்புதமாகத் தனியே வாசித்த இளைஞர்கள் டிரையலில் நழுவிப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். கல்லூரியில் இதைக் கற்றுத்தர யாரும் போதிய நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் கருத்து.

வருமானத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் சிம்பொனி, லண்டன் பில்ஹார்மோனிக், பில்ஹார்மோனியா, ராயல் பில்ஹார்மோனிக் ஆகிய நான்கும் கலைஞர்களே நடத்தும் அமைப்புகள். உறுப்பினர்கள் சுயதொழில் செய்பவர்கள். வாசித்த வேலைக்குத்தான் பணம். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பிபிசி ஆர்கெஸ்ட்ராக்கள், மான்செஸ்டரின் ஹாலே, பர்மிங்ஹாம் போன்றவை. இடம் கிடைக்கும்வரை பலர் மாற்று ஆளாக வாசிப்பது, வெஸ்ட் எண்ட் நாடகங்கள், திரைப்பட ஒலிப்பதிவு, பாடம் நடத்துவது என்று கலந்துதான் வாழ்கிறார்கள். நிரந்தர இடம் கிடைத்த பிறகும் பாடம் நடத்துவதை விடாதவர்கள் ஏராளம்.

உடம்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பல அரங்குகளில் வயோலாவுக்குப் பின்னால் காற்று வாத்தியங்கள் இருக்கும். 2012இல் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னர் ஒத்திகையின்போது பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் அமர்ந்திருந்த வயோலா கலைஞர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்து 2018இல் வென்றார். மேல்முறையீட்டிலும் அவருக்குச் சாதகமான தீர்ப்பே நிலைத்தது. இசைக்காரருக்கென்று செய்த காதடைப்பான்களை இப்போதே பழக்குங்கள். தோளோ மணிக்கட்டோ வலித்தால், ‘வாசித்தால் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள். கலைஞர்களுக்கான மருத்துவ உதவி அமைப்பான பாபாமை (BAPAM) அணுகலாம்.

ஏ-லெவலை விட வேண்டாம். இசைக் கல்லூரிகளே பெரும்பாலும் இரண்டு பாடங்களிலாவது தேர்ச்சி கேட்கின்றன. பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம், சேர்வதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஆடிஷன் குளிர்காலத்தில். பாடங்களிலும் அவள் கெட்டி என்றால் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் அங்குள்ள ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் படிப்பைப் பாருங்கள். நான்கு ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள் கிடைக்கும். ஆனால் அதற்கு ஏ-லெவலில் உயர்ந்த மதிப்பெண் தேவை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் கல்லூரியின் வயோலா ஆசிரியரிடம் ஒரு அறிமுக வகுப்புக்குக் கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். நான்கு ஆண்டுகள் யாரிடம் கற்கப் போகிறாள் என்பது கல்லூரியின் பெயரைவிட முக்கியம்.