லென்ஸ் ஷட்டரை லேப்டாப்பில் இயக்கும்போது நேரம் ஏன் தவறுகிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஒளிப்பட ஆய்வகத்தில் பழைய 4×5 அங்குல ஃபிலிம் கேமரா ஒன்று இருக்கிறது. அதன் லென்ஸில் மின்சாரத்தால் திறக்கும் இதழ் ஷட்டர். கன்ட்ரோல் பெட்டி தொலைந்துவிட்டது. இரண்டு ஒயர்கள் மட்டும் வெளியே வருகின்றன. மல்டிமீட்டரில் 12 ஓம் காட்டுகிறது, 12 வோல்ட் கொடுத்தால் திறக்கிறது. யூஎஸ்பி ரிலே (லேப்டாப் கட்டளைக்கு இயங்கும் மின்காந்த சுவிட்ச்) ஒன்றை வைத்து, பைத்தானில் ‘திற, காத்திரு, மூடு’ என்று எழுதினேன். 2 விநாடி சரியாக வருகிறது. 1/60 வைத்தால் ஒரு ஃபிலிம் அடர்ந்தும் அடுத்தது வெளிறியும் வருகிறது. ஃபிளாஷும் இணைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஷட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்தை எண்ணும் வேலையை லேப்டாப்பிடம் கொடுத்ததுதான் சிக்கல்.

1/60 விநாடி என்பது 16.7 மில்லிசெகண்ட். விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பே 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான். மென்பொருள் கேட்டால் அதை 1 மில்லிசெகண்ட் வரை குறைக்கலாம். ஆனால் அந்த நொடியில் ஆன்ட்டிவைரஸ் விழித்துக்கொண்டால் உங்கள் நிரல் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். லினக்ஸிலும் இந்த உத்தரவாதம் கிடையாது. இதற்கு மேல் யூஎஸ்பி தாமதம். அதற்கும் மேல் ரிலேயின் தகடு நகர 5 முதல் 10 மில்லிசெகண்ட், பிறகு தொடுமுனை துள்ளல், அதாவது முனைகள் தொட்டும் விட்டும் அதிர்வது. எல்லாம் சேர்ந்து 8 மில்லிசெகண்ட் கூடினாலே 1/60-ல் அரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் ஏறிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதே 8 மில்லிசெகண்ட் 2 விநாடியில் தெரியவே தெரியாது. உங்கள் ஃபிலிம் காட்டுவது இதைத்தான்.

எனவே லேப்டாப் “17” என்று மில்லிசெகண்டில் ஓர் எண்ணை மட்டும் அனுப்பட்டும். திறப்பது, எண்ணுவது, மூடுவது மூன்றையும் அர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செய்யட்டும். அதன் மைக்ரோசெகண்ட் கடிகாரம் 4 மைக்ரோசெகண்ட் படிகளில் ஓடுகிறது, நம் தேவைக்கு அது தாராளம். பைத்தானிலிருந்து சீரியல் போர்ட்டை (லேப்டாப் ஊனோவோடு பேசும் வழி) திறந்தவுடன் ஊனோ ஒருமுறை ரீசெட் ஆகும். 2 விநாடி பொறுத்து முதல் எண்ணை அனுப்புங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் போர்ட்டை மூடித் திறக்காதீர்கள்.

ஒயரிங்குக்கு முன் ஒரு சோதனை. 12 வோல்ட் கொடுத்து, இதழ்கள் திறந்ததும் மின்சாரத்தை எடுங்கள். தானாக மூடினால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த வகைக்குத்தான். திறந்தபடியே நின்றால் அது மின்சாரத்தை எதிர்த்திசையில் கொடுத்தால் மட்டுமே மூடும் வகை; அதற்குத் திசையை மாற்றித் தரும் எச்-பிரிட்ஜ் சுற்று வேண்டும்.

ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட், அதாவது அசையும் தகடு இல்லாத மின்னணு சுவிட்ச். கடையில் ஐஆர்எல்இசட்44என் என்று கேட்டு வாங்குங்கள். ஐஆர்எஃப்இசட்44என் என்று ஒரு எழுத்து மாறிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது முழுமையாகத் திறக்க கேட் என்ற கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும், ஊனோ தருவது 5 வோல்ட். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். ரீசெட் நேரத்தில் ஊனோவின் இணைப்பு முனை (பின்) எந்த மின்னழுத்தத்திலும் நிலைக்காமல் மிதக்கும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஷட்டர் தானாக ஒருமுறை திறந்து உங்கள் ஃபிலிமைப் பாழாக்கலாம்.

அடுத்து, ஷட்டரைத் திறக்கும் காயிலுக்கு (கம்பிச்சுருள்) குறுக்கே போடும் டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம். மாஸ்ஃபெட் அணைந்ததும் காயிலில் எழும் மின்னழுத்தத்தை அடக்க அது வேண்டும், எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் வெறும் 1என்4007 டையோடு மட்டும் போட்டால் காயிலின் மின்னோட்டம் அதன் வழியே சுற்றிக்கொண்டே இருந்து மெதுவாகத்தான் வடியும், இதழ்களும் தாமதமாக மூடும். டையோடுடன் தொடராக, எதிர்முகமாக ஒரு 24 வோல்ட் ஜீனர் (குறித்த மின்னழுத்தத்தில் எதிர்த்திசையிலும் கடத்தும் டையோடு) சேருங்கள். மின்னோட்டம் சட்டென்று விழும், ஷட்டர் சுறுசுறுப்பாக மூடும். அப்போது மாஸ்ஃபெட் மீது விழுவது 37 வோல்ட் அளவு. அது தாங்குவது 55 வோல்ட், ஆகவே பயமில்லை.

சூடு இன்னொரு விஷயம். 12 ஓமுக்கு 12 வோல்ட் என்றால் 1 ஆம்பியர், 12 வாட். லென்ஸுக்குள் இருக்கும் சிறு காயிலுக்கு இது தொடர்ந்து தாங்காது. சூடேறினால் செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் ஏறும். மின்னோட்டம் குறையும், திறப்பு மந்தமாகும். காலையில் சரியாக இருந்த ஷட்டர் மத்தியானம் தடுமாறுவது இதனால்தான். திறப்பதற்குத்தான் முழு வேகம் தேவை. திறந்த பிறகு பிடித்து வைக்கப் பாதி மின்னோட்டம் பெரும்பாலும் போதும். 12 வோல்ட் சப்ளைக்கும் காயிலுக்கும் நடுவே 12 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அந்த ரெசிஸ்டரும் காயிலும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. ஷட்டர் சும்மா இருக்கும்போது கெப்பாசிட்டர் 12 வோல்ட் வரை நிரம்பியிருக்கும். மாஸ்ஃபெட் திறந்ததும் அதை முழுதாகக் காயில் மேல் கொட்டும். சில பத்து மில்லிசெகண்டில் 6 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். காயிலில் இப்போது 3 வாட் சூடுதான். கெப்பாசிட்டர் மறுபடி நிரம்ப இரண்டு ஷாட்டுக்கு நடுவே கால் விநாடியாவது விடுங்கள். 6 வோல்ட்டில் இதழ்கள் நழுவினால் ரெசிஸ்டரை 8.2 ஓமாகக் குறைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் அனுப்பிய நேரமும் ஃபிலிமுக்குக் கிடைத்த நேரமும் ஒன்றல்ல. திறக்க ஒரு தாமதம், மூட ஒரு தாமதம், இரண்டும் சமமாக இருப்பது அரிது. ஒரு பேச்சுக்கு, கட்டளையிலிருந்து பாதி திறக்க 6 மில்லிசெகண்ட், பாதி மூட 9 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். 20 அனுப்பினால் ஃபிலிமுக்குக் கிடைப்பது 23. 16.7 வேண்டுமானால் 13.7 அனுப்ப வேண்டும். அளந்து பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது, இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அளக்க, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு ஒன்று போதும். லென்ஸுக்குப் பின்னால் வைத்து, முன்னே ட்ரேஸிங் பேப்பர் ஒட்டி, எதிர்ப்பக்கம் பேட்டரி டார்ச்சை முழு வெளிச்சத்தில் எரிய விடுங்கள். டியூப் லைட்டோ வீட்டு எல்இடி பல்போ வேண்டாம். மின்வாரிய மின்சாரத்தில் அவை விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், அந்த அலை உங்கள் அளவில் கலந்துவிடும். ஆய்வகத்தில் ஆஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்னொரு ஊனோவின் அனலாக் பின்னே 0.1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படிக்கும். வெளிச்சம் உச்சத்தின் பாதியைத் தாண்டி ஏறிய கணத்திலிருந்து பாதிக்குக் கீழே இறங்கிய கணம் வரை இருக்கும் இடைவெளியைக் குறியுங்கள்.

இதை எஃப்/5.6 (பெரிய துவாரம்), எஃப்/22 (சிறிய துவாரம்) இரண்டிலும் செய்யுங்கள். இதழ் ஷட்டர் நடுவிலிருந்து விரிவதால் சிறிய துவாரம் முதலிலேயே முழுதாகத் தெரிந்துவிடும், கடைசியில்தான் மறையும். அதனால் எஃப்/22-ல் நேரம் சற்று நீளமாக வரும். இரண்டுக்கும் தனித்தனித் திருத்த எண்ணைப் பைத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் இதழ்கள் முழுதாகத் திறக்காத ஓர் எல்லை வரும். உங்கள் ஷட்டரின் உச்ச வேகம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது.

ஃபிளாஷுக்கும் இதே அளவு உதவும். கட்டளையிலிருந்து வெளிச்சம் உச்சத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறதோ அதற்கு ஒரு மில்லிசெகண்ட் கூட்டி, அப்போது ஊனோவின் இன்னொரு பின்னிலிருந்து ஃபிளாஷை அடியுங்கள். மாஸ்ஃபெட்டுக்கு நேரம் எண்ணுவதும் ஃபிளாஷை அடிப்பதும் ஒரே போர்டு என்பதால் இரண்டும் விலகாது. ஃபிளாஷை நேரடியாகப் பின்னில் இணைக்காதீர்கள். பழைய ஃபிளாஷ்களின் சிங்க் முனையில் (கேமராவோடு இணையும் முனை) 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். ஊனோவோடு லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டும் போய்விடும். முதலில் மல்டிமீட்டரில் அந்த முனையை அளங்கள். சில வோல்ட் மட்டும் என்றால் 4என்35 ஆப்டோகப்ளரும் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் சிப்) 330 ஓம் ரெசிஸ்டரும் போதும். நூற்றுக்கணக்கில் காட்டினால் 400 வோல்ட் தாங்கும் எம்ஓசி3021 ஆப்டோகப்ளரை 220 ஓம் ரெசிஸ்டருடன் போடுங்கள்.